வண்டி நகர்ந்தால் வடக்கைப் பிடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். 2025 மே மாத ஆபரேஷன் சிந்தூர் சண்டைக்குப் பிறகு போனில் "சாப்பிட்டேன், தூங்கினேன்" என்பதற்கு மேல் நீ எதுவும் பேசுவதில்லை. நான் கேட்கவும் மாட்டேன். கேட்கக்கூடாதது எது என்று எனக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் பொறுப்பில் இருக்கும் ஏவுகணை வண்டி நகர்ந்தால் வடக்கைத் திரும்பப் பிடி, அதாவது ரேடாரின் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிசெய். பக்கத்து மேட்டுக்கு நகர்த்தினாலும் பிடி. 2020 ஜனவரி 8 காலையில் தெஹ்ரான் அருகே டார்-எம்1 என்ற விமான எதிர்ப்பு ஏவுகணை வண்டியை இடம் மாற்றியவர்கள் இதைத்தான் சரியாகச் செய்யவில்லை. ரேடாரின் திசை 107 டிகிரி பிசகியிருந்தது என்று ஈரானின் அறிக்கையே சொல்கிறது. அங்கிருந்து கிளம்பிப் போன உக்ரைன் பயணிகள் விமானம் திரையில் ஊரை நோக்கி வருவதாகத் தெரிந்திருக்கிறது. மேலிடத்துக்கு அனுப்பிய தகவல் போய்ச் சேரவில்லை. பதில் வருமுன் சுட்டுவிட்டார்கள். இரண்டு ஏவுகணை, 176 உயிர்.

நீ பார்த்துக்கொள்ளும் நம் ராணுவத்தின் ஓசா-ஏகே வண்டியும் அதே ஜாதிதான். தேடும் ரேடார், தொடரும் ரேடார், ஆறு ஏவுகணை என்று எல்லாம் ஒரே வண்டியில். யார் தயவும் இல்லாமல் தனியாகச் சுடலாம், எனக்குப் பயமும் அதுதான். வினாடிக்கு 250 மீட்டரில் வரும் ஜெட் பத்து கிலோமீட்டரை 40 வினாடியில் கடந்துவிடும். இலக்கைப் பிடிப்பதிலேயே அதில் பாதி போய்விடும். அந்த அவசரத்தில் வடக்கைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றாது. வண்டி நின்றதுமே பார்த்துவிட வேண்டும்.

ஏவிய பிறகும் கவனம் சிதறக்கூடாது. அந்த ஏவுகணைக்குச் சொந்தமாகக் கண் கிடையாது, மோதும்வரை வண்டிதான் ரேடியோவில் வழி சொல்ல வேண்டும். தாழப் பறப்பது வந்தால் தரையின் எதிரொலி திரையைக் குழப்பும். அப்போது டிவி சைட்டில், அதாவது வண்டியின் கேமராவில் பார். உருவம் தெரிந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

நம் விமானமா என்று ரேடியோவில் கேட்கும் ஐஎஃப்எஃப் கருவிக்குப் பதில் வரவில்லை என்பதாலேயே எதிரி என்று முடிவு கட்டாதே. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நம் ஸ்பைடர் விமான எதிர்ப்பு ஏவுகணைதான் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேர், தரையில் ஒருவர் இறந்தார்கள். பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதியே ஒப்புக்கொண்டார்.

அந்த மே மாதச் சண்டை பற்றிய அரசு அறிக்கையில் ஓசா-ஏகே பெயரைப் பார்த்ததும் தெருவில் ஒருவர் விடாமல் காட்டினேன். என் மகள் அந்த வண்டிகளுக்கு ஆபீசர் என்று சொல்லச் சொல்ல எனக்கு அலுக்கவில்லை. ஆனால் ஆபீசர் ஆனதும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச முடியாமலா போய்விட்டது?

ஒரே சிப்பாயைத் திரை முன்னால் நெடுநேரம் உட்கார வைக்காதே. மாற்றி மாற்றி உட்கார வை. நீயும் தூங்கு. சுட நேர்ந்ததோ, சுடாமல் விட நேர்ந்ததோ, என்னிடம் சொல்ல வேண்டாம். யூனிட் டாக்டரிடமாவது சொல்லு பாப்பா. அதில் கௌரவம் பார்க்காதே.

வடக்கு, மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணு.

இப்படிக்கு,
அப்பா