தனுஷ்கோடிப் பெரியவர்களின் குரலைப் பதிவுசெய்ய உதவுங்கள்

அன்புள்ள சேலத்து நண்பர்களுக்கு வணக்கம்.

தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் ராமேஸ்வரம் போய்வரும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. குகை, அம்மாபேட்டை பகுதிகளில் தெருவுக்கு நாலு வீடாவது இருக்கும். தீர்த்தமாடி, திதி கொடுத்து, அப்புறம் வேன் பிடித்து தனுஷ்கோடி போகிறோம். இடிந்த சர்ச்சின் முன்னால் ஒரு படம், அரிச்சல்முனை அசோகத் தூணருகே ஒரு படம். இருட்டுவதற்குள் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அழிந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று வீட்டில் சொல்கிறோம்.

அது அழிந்த ஊர் இல்லை. நாம் கிளம்பிய பிறகும் அங்கே மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. ஓலைக் குடிசைகளில் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தக் குடும்பங்களின் நினைவில் இருக்கும் தனுஷ்கோடியைப் பதிவுசெய்து புத்தகமாக்கத்தான் இந்த வேண்டுகோள்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையில் போட் மெயில் ரயில் ஏறிய பயணி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு போகலாம். ஸ்டேஷன், துறைமுகம், சுங்க அலுவலகம், போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் எல்லாம் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்தவர்களோடு கடல் கொண்டுபோனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அப்படியும் ஒரு பகுதி மக்கள் அந்த மணலுக்கே திரும்பினார்கள். கடல்தான் அவர்களுக்குத் தொழில், வேறு எங்கே போவார்கள்?

அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. எந்தச் சுவர் ஸ்டேஷன், எந்தச் சுவர் யார் வீடு, கோயில் எங்கே இருந்தது, கிணறு எங்கே தூர்ந்தது என்று கைநீட்டிச் சொல்லக்கூடியவர்கள் இந்த வயதுக்காரர்கள்தான். பவளப்பாறைக் கல்லால் கட்டிய அந்தச் சுவர்களும் உப்புக் காற்றில் உதிர்ந்துகொண்டே வருகின்றன. எங்களுக்கு அவசரம் அதனால்தான்.

இடிபாடுகளை மட்டும் நாங்கள் தேடவில்லை. அந்த ஊரின் அன்றாடமே பதிவுசெய்ய வேண்டிய பொக்கிஷம். ஒரு பக்கம் அலை அடங்கிய கடல், அதை அவர்கள் பெண் கடல் என்கிறார்கள். மறுபக்கம் ஓயாமல் முட்டுகிற ஆண் கடல். இரண்டுக்கும் நடுவே கீற்றுபோல மணல். காற்றைப் பார்த்து எந்தக் கரையில் தொழில் என்று முடிவாகும். கரைவலை இழுப்பதை ஒருமுறை நின்று பாருங்கள். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போய், அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து மறு நுனியைக் கரை சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். மீன் சேரும் வலைப்பையான மடி கரையைத் தொடத் தொட இரண்டு வரிசையும் நெருங்கிவரும். இழுக்கும்போது பாடுகிற அம்பா பாட்டுகள் எத்தனையோ பேருக்கு மனப்பாடம், பல பாட்டு எழுத்தில் ஏறியதே இல்லை.

தண்ணீர் விஷயம் இன்னும் ஆச்சரியம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெண்கள் மணலைக் கையால் தோண்டுகிறார்கள். ஊறுகிற தண்ணீர் உப்புக் கரிக்காது. தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். எந்த இடத்தில் தோண்டினால் நல்ல தண்ணீர், எவ்வளவு ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு இருக்கும் கணக்கும் அப்படித்தான்.

2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தபிறகு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வரட்டும், நல்லதுதான். வருகிறவர்களுக்குச் சொல்ல அந்த ஊர்க்காரர்களின் சொந்த வார்த்தை ஒரு புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

செலவைச் சொல்லிவிடுகிறோம். போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் 55,000 ரூபாய். ஒலிப்பதிவுக்கும் அதைக் கேட்டு எழுதுவதற்கும் 50,000. உட்கார்ந்து பேசுகிற பெரியவர்களுக்கு 35,000. அன்றைய தொழிலை விட்டுவிட்டு நமக்காகப் பேசுகிறவர்களை வெறும் நன்றியோடு அனுப்பக்கூடாது என்பதில் குழு உறுதியாக இருக்கிறது. 500 பிரதி அச்சிட 1,10,000. மொத்தம் 2,50,000. உறுப்பினர்கள் கைக்காசாக 70,000 போட்டுவிட்டோம், மீதி 1,80,000 உங்களிடம் கேட்கிறோம்.

முதல் பிரதிகள் தனுஷ்கோடியில் வீட்டுக்கு ஒன்றாகவும் பள்ளிக்கும் போகும். பிறகுதான் சேலத்து நூலகங்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும். ஒலிப்பதிவின் முழுப் பிரதியும் அந்த ஊருக்கே சொந்தம். பேசுகிறவர் சம்மதிக்காத எதையும் அச்சிட மாட்டோம்.

நூறு ரூபாய் என்றாலும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வோம். பணமாக முடியாதவர்கள் வேறு வகையில் உதவலாம். நல்ல ஒலிப்பதிவுக் கருவி இரவல் தரலாம், பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யலாம், அச்சகம் வைத்திருப்பவர்கள் காகித விலைக்கே அடித்துத் தரலாம். 1964க்கு முன்பு தனுஷ்கோடி வழியாக இலங்கை போய்வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பழைய படமோ பயணச்சீட்டோ பெட்டியில் கிடந்தால், அவசியம் சொல்லுங்கள். படியெடுத்துவிட்டு அப்படியே திருப்பித் தருகிறோம்.

இந்தத் தாளை உங்களிடம் கொடுத்த உறுப்பினரிடமே நன்கொடையைக் கொடுத்து, கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் தர வேண்டாம். வரவு செலவு முழுவதும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகும். தை அமாவாசைக்கு முதல் குழு கிளம்புகிறது, அதற்கு முன்பாகக் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தனுஷ்கோடி நினைவுப் பதிவுக் குழுவினர்,
சேலம்