கப்பல் ஓடாத நாளில்

அன்புள்ள மகளுக்கு,

உனக்குத் தீவில் வேலை என்றதும் வீட்டில் எல்லோரும் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார்கள். நான் கேட்டது ஃபெரியில் எத்தனை மணி நேரம் என்றுதான். இரண்டு மணி நேரம் என்றாய். சரி, அது தாங்கக்கூடியதுதான்.

முன்பக்கத்து இருக்கைக்கு ஓடாதே. கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. ஃபோனைப் பார்க்காதே. ஆடுகிறோம் என்று உள்காது சொல்லும், இல்லையே என்று கண் சொல்லும். அந்தக் குழப்பத்தில்தான் வயிறு புரளும். தலை சுற்றினால் வெளியே வந்து தொடுவானத்தைப் பார். லைஃப் ஜாக்கெட் இருக்கும் இடத்தைக் கிளம்பும் முன்பே பார்த்து வை. ஏழு முறை குட்டையாகவும் ஒரு முறை நீளமாகவும் சங்கு ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். பையைத் தேடாமல், எல்லோரையும் வந்து கூடச் சொன்ன இடத்துக்குப் போய்விடு.

கிளம்பத் தாமதமானால் முணுமுணுக்காதே. 1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் செபுருக்கே துறைமுகத்திலிருந்து வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ஒரு ஃபெரி, வண்டிகள் ஏறும் முன்கதவை மூடாமலே கிளம்பியது. வண்டிகள் நிற்கும் தளத்தில் தண்ணீர் புகுந்து, ஒன்றிரண்டு நிமிடங்களில் கப்பல் சாய்ந்துவிட்டது. 193 பேர் இறந்தார்கள். கதவைச் சரிபார்க்க ஆகும் நேரம் நமக்காகத்தான்.

துறைமுகம் நெருங்கும்போது மேல்தளத்துக்கு வா. குட்டையாக மூன்று முறை சங்கு கேட்டால் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுகிறார்கள். வேகம் அடங்கும், கயிறு பறக்கும், கரையில் ஒருவர் அதைப் பிடித்து முளையில் மாட்டுவார். பால், தபால், மருந்து எல்லாம் அந்தக் கப்பலில்தான் வரும் என்பதால் பாதி ஊர் அங்கே நிற்கும். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே இறங்கு. எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

உன் தாத்தா இறந்த செய்தி வந்தபோது நான் அப்படியொரு தீவில்தான் இருந்தேன். காற்று பலமாக இருந்ததால் இரண்டு நாள் கப்பல் இல்லை. ஒரு மீன்பிடிப் படகுக்காரரிடம் கையிலிருந்த பணத்தையெல்லாம் நீட்டி அழுதேன். அவர் கடலைப் பார்த்தார். "போக முடியாது, தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். அன்று அவரைத் திட்டித் தீர்த்தேன். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதது இன்னமும் வலிக்கிறது. ஆனால் அப்போது உனக்கு மூன்று வயது. பாட்டியின் இடுப்பில் இருந்தாய். அந்தப் படகுக்காரர் சரி என்றிருந்தால் நீ யாரிடம் வளர்ந்திருப்பாய் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதரைக் கும்பிடுகிறேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு நாள் கூடுதலாக லீவு போடு. எனக்கே ஏதாவது ஆனாலும், கப்பல் ஓடவில்லை என்றால் நீ அங்கேயே இரு. சின்னப் படகைத் தேடிப் போகாதே. இங்கே உன் அண்ணன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான்.

கரை இறங்கியதும் ஃபோன் செய்.

அம்மா