10ஆம் திகதி பில் ஏன் நின்றது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன 10ஆம் திகதி, தோட்டத்தில் சம்பளம் போட்ட அன்று பின்னேரம், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் எங்கள் மென்பொருளைப் பாவிக்கும் சில கடைகளில் பில் அடிக்க முடியாமல் போனது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஆட்கள் சாமான் பையோடு வரிசையில் நின்றார்கள். முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மழை, லைன், பழைய கம்ப்யூட்டர் என்று நீங்கள் பல காரணம் நினைத்தீர்கள். அவை எதுவும் இல்லை, பிழை எங்களுடையது.

துப்பு கொடுத்தவர் ஒரு கடையில் கல்லாவில் இருந்த தங்கச்சி. விலை கேட்டால் வருகிறது, பிஸ்கட் மட்டும் என்றால் பில்லும் வருகிறது, கோதுமை மா இருக்கிற பில்தான் நிற்கிறது என்றார். உங்கள் கணக்கெல்லாம் இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு வரியை, அதாவது ஒரு பொருளின் விலையும் இருப்பும் எழுதியிருக்கும் இடத்தை, ஒருவர் திருத்திக்கொண்டிருந்தாலும் மற்றவர் அதை வாசிக்கலாம், ஆனால் அதே வரியைத் திருத்த வருகிற இரண்டாவது ஆள் முதல் ஆள் முடிக்கும்வரை நிற்கத்தான் வேண்டும். இதைத்தான் பூட்டு என்கிறோம். சம்பள நாளில் மா வாங்காத வீடு ஏது? பில் அடித்தால் மாவின் இருப்பைக் குறைக்க வேண்டும், அதனால் மூன்று கல்லாவும் அந்த ஒரு வரியில் போய் முட்டின.

யார் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைத் தரவுத்தளமே தன் உள் அட்டவணைகளில் காட்டும். பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற அட்டவணையைத் திறந்தால் பூட்டுக்காகக் காத்திருக்கும் கல்லாக்களின் இணைப்புகள் வரிசையாக நின்றன. பிஜி லாக்ஸ் அட்டவணையில் எந்தப் பொருள் என்று நேராக எழுதியிருக்காது, ஏனென்றால் வரிப் பூட்டின் அடையாளம் அந்த வரியிலேயே இருக்கிறது. முதலில் காத்திருப்பவர் இன்னொரு டிரான்சாக்ஷன், அதாவது இன்னொருவர் தொடங்கிய வேலை, முடியக் காத்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அதனால் பிஜி பிளாக்கிங் பிட்ஸ் என்ற கட்டளையிடம் ஒவ்வொருவரையும் மறிப்பது யார் என்று கேட்டுக்கொண்டே போனோம். மூன்றாம் கல்லாவை மறித்தது அதற்கு முன்னால் நின்ற இரண்டு கல்லாவும், இரண்டாம் கல்லாவை மறித்தது முதலாம் கல்லா, முதலாம் கல்லாவை மறித்தது யாரையும் எதிர்பார்க்காமல் சும்மா இருந்த ஓர் இணைப்பு. அதன் நிலை 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்', அதாவது வேலையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் இருக்கிறது. பின்னறைக் கம்ப்யூட்டரில் மாவின் இருப்பைத் திருத்தி, சேமிக்காமல், லொறி வந்ததென்று எழுந்து போயிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம், யாரும் அப்படித்தான் எழுந்து போவார்கள். அளவை மாற்றிய உடனேயே வரியைப் பூட்டி, சேமிக்கும்வரை பிடித்து வைத்திருந்தது எங்கள் ஸ்கிரீன். அந்த இணைப்பைத் துண்டித்ததும் மூன்று பில்லும் வந்தன. அப்புறம் மற்றக் கடைகளைப் பார்த்தோம், அங்கேயும் இதே கதைதான்.

இப்போது திருத்தத்தைச் சேமிக்கிற நொடியில்தான் பூட்டு விழும். சும்மா திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷனை 2 நிமிடத்தில் தரவுத்தளமே முறித்துவிடும். இந்த வசதி போஸ்ட்கிரெஸ்ஸில் தானாக இயங்காது, நாங்கள் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. பில்லும் 5 செக்கனுக்கு மேல் காத்திருக்காமல், எந்தப் பொருளால் நிற்கிறது என்று பெயரோடு சொல்லும். இதற்குக் காசு இல்லை, புதுக் கம்ப்யூட்டரும் தேவையில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பில் நின்றால் கல்லாக் கம்ப்யூட்டரை நிறுத்திப் போடாதீர்கள். அன்றைக்கு அப்படி நிறுத்தியபோது காத்திருந்த பழைய இணைப்பு சேர்வரில் அப்படியே கிடந்தது, புதிதாகத் திறந்தது அதன் பின்னால் போய் நின்றது, வரிசை நீண்டது அப்படித்தான். பில்லில் என்ன சாமான் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு எங்களுக்கு ஒரு கோல் எடுங்கள், இரவு கடை பூட்டும்வரை ஆள் இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருள் கடையார், ஹட்டன்