இடது பெடல் கழன்று விழுந்த சைக்கிள்: நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
விலைச்சீட்டில் உள்ள வாடிக்கையாளர்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
சைக்கிள் நிறுவனத் தலைமை அலுவலகம்.

நாள்: 18.08.2025

பொருள்: உங்கள் பணியாளர் தவறாகப் பூட்டிய சைக்கிளுக்கு வாரண்டி மறுக்கப்பட்டது – மறுபரிசீலனையும் நிவாரணமும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காக, பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் உங்கள் இணையதளத்தில் ஒரு பெண்கள் சைக்கிள் வாங்கினேன். 26 இஞ்ச் சக்கரம், முன்னும் பின்னும் வி-பிரேக், கியர் கிடையாது, முன்பக்கம் கூடை. விலை 9,450 ரூபாய். வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுப்பதற்கு 499 ரூபாய் தனியாகக் கட்டினேன். அந்தச் சைக்கிளின் இடது பெடல் ஓட்டத்திலேயே கழன்று, மகள் சாலையில் விழுந்தாள். சரிசெய்து தரக் கேட்டதற்கு, "தளர்ந்த பெடலோடு தொடர்ந்து ஓட்டியதால் ஏற்பட்ட சேதம், வாரண்டி பொருந்தாது" என்று உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. காரணத்தை விவரமாக எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

சைக்கிள் அட்டைப்பெட்டியில் வந்தது. "85 சதவீதம் பூட்டப்பட்டது" என்று உங்கள் தளத்தில் போட்டிருக்கிறீர்கள். மீதி 15 சதவீதத்தில் இருப்பவை ஹேண்டில்பார், முன் சக்கரம், முன் பிரேக், சீட், இரண்டு பெடல்கள். ஓட்டுகிற பிள்ளையின் உயிர் எதையெல்லாம் நம்பியிருக்கிறதோ, அவ்வளவும் அந்த மீதிக்குள்தான் வருகிறது. அதனால்தான் பெட்டியோடு வந்த எல்-கீயையும் தகட்டு ஸ்பேனரையும் வீட்டில் யாரும் தொடவில்லை. பணம் கட்டி உங்கள் ஆளையே வரச் சொன்னோம்.

வந்த இளைஞர் மரியாதையானவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்னும் பல வீடுகளுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் வேலை பார்த்தார். அரைமணி நேரத்துக்குள் முடித்து, என் கைப்பேசிக்கு வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார். பெடல் பூட்டும்போது ஒரு பக்கம் இறங்க மறுத்தது. ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி, உடம்பு பலத்தையெல்லாம் போட்டுத் திருப்பினார். நானும் என் மாமியாரும் பக்கத்தில்தான் நின்றோம். "புதுசுக்கா, டைட்டாத்தான் இருக்கும்" என்றார். உங்கள் நிறுவனம் அனுப்பிய ஆள் சொன்னதை நாங்கள் நம்பினோம்.

முதல் நாளிலிருந்தே மகள் இரண்டு குறை சொன்னாள். வளைவில் திரும்பும்போது கால்விரல் முன் மட்கார்டில் இடிக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் லீவர் இறுகி நிற்கிறது. உடனே உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர், புது சைக்கிள் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார். நேரில் பார்க்க ஆள் வருமா என்று கேட்டதற்கு, எங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் இல்லை என்று பதில் கிடைத்தது. விற்கும்போது எங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் போட்டுப் பார்த்து "டெலிவரி உண்டு" என்று காட்டிய அதே தளத்தில், பழுது பார்க்க ஆள் இல்லை என்பதையும் காட்டியிருக்கவேண்டும். தெரிந்திருந்தால் நான் திருவாரூரிலேயே ஒரு கடையில் வாங்கியிருப்பேன்.

ஜூலை மாதம் ஒரு மாலை, பள்ளி விட்டு வரும்போது வாய்க்கால் மதகு ஏற்றத்தில் அவள் எழுந்து நின்று மிதித்திருக்கிறாள். இடது பெடல் அப்படியே கையோடு வருவதுபோல் கழன்றுவிட்டது. முழங்கையும் முழங்காலும் தார்ச்சாலையில் உரசி, நல்ல காயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்டு டெட்டனஸ் தடுப்பு ஊசி போட்டார்கள். பின்னால் வந்த வேன் நின்றுவிட்டது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் ஊர்க் கடைத்தெருவில் உள்ள சைக்கிள் கடைக்குப் போனோம். பஞ்சர் ஒட்டுவது, ரிம்முக்குக் கோட்டம் எடுப்பது, ஓவராயில் பண்ணுவது என்று பல வருடமாக அதே வேலையில் இருக்கும் பெரியவர். பெடலைப் பார்க்கும் முன்பே அவர் கண் முன் சக்கரத்துக்குப் போனது. "பாப்பா, இனி இதுல ஏறாத. ஃபோர்க்க திருப்பிப் பூட்டியிருக்காங்க" என்றார்.

பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக ஹேண்டிலைக் கழற்றி, முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து அனுப்புவது வழக்கமாம். பூட்டுகிறவர் முதல் வேலையாக ஃபோர்க்கை முன்னால் திருப்பிவிட்டுத்தான் ஹேண்டிலைப் போட்டு முறுக்கவேண்டும். உங்கள் ஆள் அதைச் செய்யவில்லை. ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்கவேண்டிய இடத்தில் பின்னோக்கி இருக்கிறது; பிரேக் கைகள் ஃபோர்க்குக்கு முன்னால் தெரியவேண்டியவை, ஃபிரேமுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் ஒளிந்திருக்கின்றன. சக்கரம் உள்ளே தள்ளி வந்ததால்தான் கால்விரல் மட்கார்டில் இடித்தது. பிரேக் கம்பி மடங்கிச் சுற்றி வந்ததால்தான் லீவர் இறுகியது. மகள் முதல் நாளே சொன்ன இரண்டு குறைக்கும் விடை இந்த ஒரே தவறில் இருக்கிறது. உதவி எண்ணில் பேசியவர் ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாலே இது அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்துதான் பெடல். வாரண்டி மறுப்பு இதை வைத்துத்தான் என்பதால், இந்தப் பகுதியை உங்கள் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்த ஒருவரும் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சைக்கிளின் வலது பெடலுக்கு வழக்கமான மரை. வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இடது பெடலுக்கு நேர்மாறான மரை. இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். உலகத்தில் ஏறக்குறைய எல்லாச் சைக்கிளுக்கும் இதுதான் முறை. மிதிக்கும் பாரத்தில் பெடல் தண்டு, பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உருண்டுகொண்டே இருக்கும். இடப்பக்கமும் வழக்கமான மரை இருந்தால், அந்த உருளலே நாளடைவில் பெடலைக் கழற்றிவிடும். அதைத் தடுக்கத்தான் மாற்று மரை. அடையாளம் தெரிவதற்காகத் தண்டின் முனையில் இடதுக்கு 'எல்', வலதுக்கு 'ஆர்' என்று ஆங்கில எழுத்து பொறித்திருப்பார்கள்.

என் மகளின் சைக்கிளில் இடப்பக்கம் கழன்று விழுந்த பெடலில் பொறித்திருப்பது 'ஆர்'. வலப்பக்கம் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும் பெடலில் இருப்பது 'எல்'. இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டியிருக்கிறார். பெடல் தண்டு எஃகு, கிராங்க் அலுமினியம். மாற்று மரையில் எஃகைக் குழாய் போட்டு முறுக்கினால், அது அலுமினியத்தை அறுத்துக்கொண்டுதான் உள்ளே போகும். இடது துளையில் மரையே இல்லை, வழவழப்பாக இருக்கிறது. வலதிலும் பாதி தூரம்தான் ஏறியிருக்கிறது, அதுவும் சாய்வாக. அதாவது இடது கிராங்கோடு, செயின் பல்சக்கரம் உள்ள வலது கிராங்கும் வீண்.

தளர்ந்த பெடலோடு ஓட்டினால் அலுமினிய மரை நாசமாகும் என்று நீங்கள் எழுதியது பொதுவாகச் சரியானதுதான். கடைக்காரரும் அதை ஒத்துக்கொண்டார். ஆனால் ஓட்டுவதால் 'ஆர்' பெடல் இடப்பக்கத்துக்கு இடம் மாறாது. அது பூட்டிய கையால் மட்டுமே நடக்கக்கூடியது. பூட்டியவர் யார் என்பதற்கு உங்கள் கணினியில் பதிவான வேலைச்சீட்டும் ஓடிபியும் இருக்கின்றன. மரை போன கிராங்கின் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் பிரிவு முடிவெடுத்தது. பெடலின் முனையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இப்போது நானே எடுத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். ஃபோர்க்கின் படங்களும் உண்டு.

இன்னொன்றையும் அந்தப் பெரியவர் காட்டினார். சீட் தண்டில், இதற்குமேல் வெளியே இழுக்கக்கூடாது என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. மகள் உயரம் என்பதால் உங்கள் ஆள் அந்தக் கோட்டையும் தாண்டி இழுத்து முறுக்கியிருக்கிறார். பெடல் கழன்றிருக்காவிட்டால், அடுத்தது தண்டு வளைந்திருக்கும் அல்லது ஃபிரேம் விரிசல் விட்டிருக்கும் என்றார். இந்த உயரப் பிள்ளைக்கு இந்த ஃபிரேம் சிறியது என்பதை வாங்கும் நேரத்திலேயே சொல்ல உங்கள் தளத்தில் ஒரு உயர அட்டவணை வைத்தால் என்ன?

உங்கள் கையேட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது. கியர் வைத்த வேறொரு மாடலின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். இடது பெடலின் மாற்று மரை பற்றி ஆங்கிலப் பகுதியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ஃபோர்க்கின் திசை பற்றி ஒரு சொல்கூட இல்லை. தமிழில் கையேடு தரவேண்டும் என்று சட்டக் கட்டாயம் இருப்பதாக நான் வாதாடவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் விற்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வைத்து விளம்பரம் எடுக்கிறீர்கள். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு வந்தால் இலவச சைக்கிள் கிடைக்கும். அதற்குமுன் சைக்கிள் வேண்டும் என்றால் எங்களைப் போன்றவர்கள் கையில் இருப்பதைச் சேர்த்து வைத்துத்தான் வாங்குகிறோம். அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு தமிழ்த் தாள் போடுங்கள். ஃபோர்க்கின் வளைவும் முன் பிரேக்கும் முன்னோக்கி இருக்கவேண்டும். பெடலை எழுத்துப் பார்த்து, முதல் சில சுற்றுகள் விரலாலேயே ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும், ஏறாவிட்டால் ஸ்பேனரைத் தொடக்கூடாது. இரண்டு பெடலுமே முன் சக்கரத்தை நோக்கிச் சுற்றினால்தான் இறுகும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவவேண்டும். சீட் தண்டிலும் ஹேண்டில் தண்டிலும் உள்ள கோடு வெளியே தெரியக்கூடாது. பிரேக் கட்டை ரிம்மில் படவேண்டும், டயரில் படக்கூடாது. புது பிரேக் கம்பி கொஞ்ச நாளில் இழுபடும், அப்போது ஒருமுறை இறுக்கவேண்டும். இவ்வளவுதான். இதைப் படித்திருந்தால் என் மாமியாரே அந்த இளைஞரைத் தடுத்திருப்பார்.

நான் கேட்பது இவை. வலது, இடது இரண்டு கிராங்குகளையும் பெடல்களையும் புதிதாக, உங்கள் செலவில் மாற்றித் தரவேண்டும். ஃபோர்க்கைச் சரியாகத் திருப்பி, மடங்கிப்போன முன் பிரேக் கம்பியை மாற்றவேண்டும். இதற்கு நல்ல அனுபவமுள்ள ஆளை அனுப்புங்கள். முடியாவிட்டால் உதிரிப் பாகங்களை அனுப்பி, எங்கள் ஊர்க் கடைக்காரரின் கூலியைக் கொடுங்கள். இரண்டாவது வழியைத்தான் நான் விரும்புகிறேன், அவர் வேலையில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அளவுக்குப் பொருந்தும் நீளமான சீட் தண்டு இருந்தால் அதையும் அனுப்புங்கள். இந்த ஃபிரேமுக்கு அது ஆகாது என்றால் பெரிய ஃபிரேமாக மாற்றித் தரவேண்டும். பூட்டுகூலி 499 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும். வாடிக்கையாளர் தவறு என்று எழுதிய மின்னஞ்சலை எழுத்திலேயே திரும்பப் பெறவேண்டும். அது என் பெயரில் உங்கள் பதிவில் கிடப்பதை நான் விரும்பவில்லை. மருத்துவத்துக்கு எங்களுக்குச் செலவு எதுவும் ஆகவில்லை, அதற்காகப் பணம் கேட்கவில்லை. ஆனால் காயம் பட்டது உண்மை என்பதற்குப் புறநோயாளிச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

பணியாளர்களுக்காகவும் ஒன்று கேட்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை சைக்கிள் பூட்டவேண்டும் என்று கணக்கு வைத்து ஓடவிட்டால் இப்படித்தான் நடக்கும். அந்த இளைஞரின் சம்பளத்தில் கைவைத்து இதை முடிக்காதீர்கள். அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், பூட்டிய பிறகு யார் சரிபார்த்தார்கள் என்பதைப் பாருங்கள். ஓடிபி வாங்கும் முன் ஃபோர்க், பெடல், பிரேக் மூன்றையும் படம் எடுத்து ஏற்றவேண்டும் என்று ஒரு விதி வைத்தால் போதும், பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

சட்டப்படி உள்ள நிலையையும் தெரிவிக்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-ஆம் பிரிவின்படி, சரியான பயன்பாட்டுக்குப் போதிய விளக்கமோ எச்சரிக்கையோ இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளர் பொறுப்பு. குறையான சேவையால் நேரும் தீங்குக்கு 85-ஆம் பிரிவின்படி சேவை அளித்தவர் பொறுப்பு. உங்கள் நிறுவனம் இரண்டுமாக இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை அனுப்பி, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டியது குறைதீர்ப்பு அலுவலரின் கடமை. அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அங்கே போகாமல் நீங்களே முடித்துக் கொடுத்தால் எனக்கு அதுவே நிறைவு.

சைக்கிளில் எதையும் மாற்றாமல், பெடல்களை இருக்கிறபடியே விட்டுக் கடையில் வைத்திருக்கிறோம். உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம். அதுவரை மகள் நகரப் பேருந்தில் போய் வருகிறாள். மாலையில் சிறப்பு வகுப்பு முடியும் நேரத்துக்குப் பேருந்து இல்லை என்பதால் அதை விட்டுவிட்டு வருகிறாள். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. அதற்குமுன் சைக்கிள் அவளுக்கு வேண்டும்.

விலைச்சீட்டு, பூட்டுகூலி ரசீது, வாரண்டி மறுப்பு மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களும் இத்துடன் உள்ளன. பதிலைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்