யாருடைய ஆள் நீங்கள்? பாலக்காட்டு வீட்டு புரோக்கர்களுக்கு ஒரு திறந்த மடல்

கஞ்சிக்கோடு, வாளையார், ஒலவக்கோடு, பாலக்காடு டவுன் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. உங்களில் நாலைந்து பேரிடம் என் நம்பர் இருக்கிறது. ஒருவர் என் பெயரை 'சிங்கப்பூர் அக்கா ஃப்ளாட்' என்று போனில் சேவ் செய்து வைத்திருப்பதை நானே பார்த்தேன். ஆறு வருடம் சிங்கப்பூரில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு 2023-இல் ஊர் திரும்பினோம். வந்த பிறகு இங்கே இரண்டு ஃப்ளாட் பார்த்தாயிற்று. சொந்த வீட்டு வேலை முடியப் போவதால் அடுத்த மாதம் இதையும் காலி செய்கிறேன். இனி உங்களிடம் எனக்கு ஆக வேண்டிய காரியம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். வீடு காட்டுகிற நீங்கள் யாருடைய ஆள்? எங்கள் ஆளா, ஓனருடைய ஆளா?

ஏன் கேட்கிறேன் என்றால், முதல் ஃப்ளாட்டை டவுனில் எடுத்தபோது ஒரு அண்ணன் எங்களோடு நாலு நாள் அலைந்தார். வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு மூன்றாம் மாடி வரை ஏறி வந்து, 'கிழக்குப் பக்க ஜன்னல் அக்கா, கணவாய்க் காற்று சும்மா அள்ளிக்கொண்டு போகும்' என்று எனக்காகவே பேசுவது மாதிரி பேசினார். வாடகை 14,000, அட்வான்ஸ் 50,000. அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். சந்தோஷமாகத்தான் கொடுத்தோம். ஓனர் துபாயில். சாவி, அக்ரிமெண்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாம் புரோக்கர் அண்ணன் வழியாகத்தான்.

பதினோரு மாதம் கழித்துக் காலி செய்தபோது கைக்கு வந்தது 29,500. பெயிண்டிங் 14,000, பிளம்பிங் 4,000, கிளீனிங் 2,500 பிடித்தம். பிளம்பிங் என்றால் என்ன? நாங்கள் குடி வந்த அன்றைக்கே ஒழுகிக்கொண்டிருந்த பாத்ரூம் குழாய். அதை அவரிடம்தான் காட்டினோம், 'ஓனரிடம் சொல்லிவிடுகிறேன்' என்றும் சொன்னார். இப்போது அவருக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. கடைசியில் துபாய்க்கே நேராகப் பேசினேன். அந்த மனிதர் சொன்னதுதான் எனக்குப் புதிது: 'அவருக்கு நானும் ஒரு மாத வாடகை கொடுத்தேனே. அதனால் வீட்டைப் பற்றி அவர் சொல்கிறபடிதான் நான் செய்ய முடியும்.' குழாய் விஷயம் ஓனர் காதுக்குப் போகவே இல்லை.

இரண்டு பக்கமும் வாங்கியது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. தகராறு வந்த அன்று இரண்டு பக்கத்துக்கும் பேச ஆள் இல்லாமல் போனதுதான் உறுத்துகிறது.

சிங்கப்பூரில் நாங்கள் இருந்தது காண்டோ. அங்கத்திய தமிழ்ச் செய்தியில் 'கூட்டுரிமை வீடு' என்று வாசிப்பார்கள், எங்கள் வாயில் வருவது காண்டோதான். கேட்டில் செக்யூரிட்டி, கீழே நீச்சல் குளம், ஆனால் உள்ளே இரண்டு கட்டில் போட்டால் பெட்டி திறக்க இடமிருக்காது. அந்த ஊரில் வீட்டு ஏஜெண்டுகளுக்கென்றே 2010-இல் ஒரு சட்டம் போட்டு, சொத்து முகவர் மன்றம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. அவர் போன் நம்பரை மன்றத்தின் பதிவேட்டில் அடித்தால் ஆள் நிஜமா, போலியா என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இன்னொரு விதி: ஒரே வாடகைக் கணக்கில் ஒரே ஏஜெண்ட் வீட்டுக்காரருக்கும் குடிவருபவருக்கும் ஆளாக இருக்கக் கூடாது, இருவரிடமும் கமிஷன் வாங்கக் கூடாது. எங்கள் பக்கம் ஒரு பெண் இருந்தார், ஓனர் பக்கம் வயதான ஒரு சீனர். எங்கள் ஆளுக்கு நாங்கள்தான் காசு கொடுத்தோம்.

அந்தக் காசு எதற்கு என்று காலி செய்கிற நாளில்தான் புரிந்தது. சீனர் போனில் டார்ச்சைப் போட்டு வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏசி சர்வீஸ் ரசீது கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த ரசீதுகள் எல்லாம் கையில் இருந்தன. சமையலறை மேடைக்கு வந்ததும் நின்றுவிட்டார். வெள்ளைக் கல், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மஞ்சள் கறை. அதை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆப்பசோடா, எலுமிச்சை, கடைசியில் பற்பசை வரை போட்டுத் தேய்த்தாயிற்று. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, 'கறி?' என்றார். அந்த ஒரு சொல்தான். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. கல்லையே மாற்ற வேண்டும், 1,800 டாலர் ஆகும் என்றார்.

எங்கள் ஏஜெண்ட் பெண் சத்தமே போடவில்லை. முதல் நாள் எடுத்த போட்டோக்களைத் திறந்தார். மொத்தம் 140. அலமாரிக் கீல் அப்போதே உடைந்திருந்தது, பால்கனித் தரையில் அப்போதே கீறல் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மஞ்சள் கறை எங்களுடையதுதான், அதை மறுக்கவும் இல்லை. 'இரண்டு வருடம் சமைத்த சமையலறை. புழங்கினால் வருகிற தேய்மானம் என்று அக்ரிமெண்ட்டில் இருக்கிறது' என்றார். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள், நான் பேசவே தேவைப்படவில்லை. பாலிஷ் போட 80 டாலர் என்று முடிந்தது. அப்படி முடியாமல் போயிருந்தால், 20,000 டாலர் வரையிலான வழக்குகளை எடுக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வக்கீலே வைக்கக் கூடாது, நாமே போய்ப் பேசலாம்.

இதைப் படித்துவிட்டு 'அக்கா ஃபாரின் பெருமை அடிக்கிறாள்' என்று சிரிக்காதீர்கள். அங்கே பட்டதும் உண்டு. வீடு பார்க்கப் போவதற்கு முன்பே ஏஜெண்ட் ஒரு வரிசை கேள்வி அனுப்புவார்: எந்த நாடு, என்ன இனம், என்ன வேலை, வேலை பாஸ் எத்தனை மாதம் பாக்கி, சமையல் உண்டா, எண்ணெய் வைத்துத் தாளிக்கிற சமையலா? நம் பெயரைச் சொன்னதும் 'ஓனர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்' என்று பதில் வரும். மறுநாளும் அதே விளம்பரம் அங்கேயே இருக்கும். விளம்பரத்தில் இனம் பார்த்து எழுதக் கூடாது என்று மன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் எழுதாமல் போனில் கேட்பார்கள். வாடகை கதை தனி. 2022-இல் மட்டும் தனியார் வீட்டு வாடகை கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறியது. நாங்கள் ஊர் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது கஞ்சிக்கோட்டுக்கு வாருங்கள். இரண்டாவது ஃப்ளாட் தேடியபோது ஒரு அண்ணன், அவரும் தமிழ் பேசுகிறவர்தான், வேலந்தாவளம் பக்கம், என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வேறொரு போன் வந்தது. எடுத்து இந்தியில் இரண்டு வார்த்தை கேட்டார். 'ரூம் நஹீ ஹை' என்று வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, 'பெங்காலிகளுக்குக் கொடுத்தால் ஓனர் திட்டுவார் அக்கா' என்றார். போன் செய்தவன் ஒடிசாவா பீகாரா என்றுகூடக் கேட்கவில்லை. வடக்கிலிருந்து வேலைக்கு வருகிற எல்லோரும் இங்கே பெங்காலிதான். கேரள அரசு காகிதத்தில் அவர்களை 'அதிதி தொழிலாளி', அதாவது விருந்தாளித் தொழிலாளி, என்று எழுதுகிறது, இதே கஞ்சிக்கோட்டில் 'அப்னா கர்' என்று ஒரு விடுதியே கட்டி 2019-இல் திறந்தது. மில்லுக்கும் கம்பெனிக்கும் வருகிற அத்தனை பேருக்கும் அது எப்படிக் காணும்? மீதிப் பேர் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த போனை வைத்த அதே வாயால் அந்த அண்ணன் என்னிடம் அடுத்துக் கேட்டது: 'ஓனர் ஒலவக்கோட்டுக்காரர். நீங்கள் தமிழர் என்று சொல்லவா வேண்டாமா அக்கா? சிலபேர் பாண்டி என்று முகம் சுளிப்பார்கள்.' அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எனக்கு அந்த மஞ்சள் கறையும் 'கறி?' என்ற கேள்வியும்தான் ஞாபகம் வந்தது.

சரி, அக்ரிமெண்ட்டுக்கு வருவோம். 'பதினோரு மாதம்தான் போட முடியும், சட்டம் அப்படி' என்று நீங்கள் எல்லோரும் ஒரே வாய்ப்பாடு சொல்கிறீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் போட்டால் 1908-ஆம் வருட பதிவுச் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் பதினோரு மாதம். அதை அப்படியே சொன்னால் என்ன குறைந்துவிடும்? சிங்கப்பூரில் இரண்டு வருட அக்ரிமெண்ட்டுக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம், கட்ட வேண்டியது குடியிருப்பவர். மாதம் 3,000 டாலர் என்றால் 288 டாலர். கசப்பாக இருந்தாலும் எதற்கு, எவ்வளவு என்று தெரிந்து கட்டினோம். அந்த அக்ரிமெண்ட்டிலேயே இன்னொரு ஷரத்து உண்டு, டிப்ளமேட்டிக் கிளாஸ் என்பார்கள். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, ஒரு வருடம் முடிந்த பிறகு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். வெளியூர்க்காரனுக்கு அது உயிர்நாடி. இங்கே ஐஐடிக்கும் கம்பெனிகளுக்கும் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள், ஆறே மாதத்தில் மாற்றலும் வருகிறது. அவர்களுக்கு அப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்த புரோக்கரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம் மொழி. நீங்கள் நீட்டிய மூன்று பக்கமும் மலையாளம். நான் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் படித்தவள். மலையாளம் தண்ணீர் மாதிரி பேசுவேன், படிப்பதென்றால் எழுத்து எழுத்தாகக் கூட்ட வேண்டும். 'எல்லாம் வழக்கமானதுதான் அக்கா, இங்கே கையெழுத்துப் போடுங்கள்' என்று விரலை வைத்துக் காட்டினீர்கள். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்போம் என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்ததைப் பணம் போன பிறகுதான் கூட்டிப் படித்தேன். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்கே தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. தலைமைச் செயலகத்துக்கே தமிழ் போகும்போது, மூன்று பக்கத்தை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்ட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

தேய்மானக் கணக்குக்கும் சிங்கப்பூர் வரை போக வேண்டியதில்லை. நம் நாட்டுச் சொத்து மாற்றுச் சட்டம் 1882-ஆம் வருடத்தது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, நியாயமான தேய்மானம் போக, வாங்கியபடி வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று அதிலேயே இருக்கிறது. நம் ஊர் அக்ரிமெண்ட்டில் அந்த 'வேறு மாதிரி'தான் முதலில் எழுதப்படுகிறது.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் தெரியாமல் இல்லை. பத்து வீடு காட்டி ஒன்று முடியும். முடிகிற நேரத்தில் ஓனரும் குடிவருபவரும் நேராகப் பேசி உங்களை விட்டுவிடுவார்கள். பெட்ரோல் உங்கள் காசு. 2016-இல் வந்த ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்கூட விற்பனை செய்கிற ஏஜெண்டைத்தான் பதியச் சொல்கிறது. வாடகைக்குக் காட்டுகிறவருக்கு அதில் இடமே இல்லை, அதனால் உங்களைக் கேட்பாரும் இல்லை, உங்களுக்காகக் கேட்பாரும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் வாங்குங்கள் என்று சொன்னால் பாதி வருமானம் போய்விடும் என்றும் புரிகிறது. இரண்டு பக்கமும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பேரிடமும் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். குடி வருகிற அன்றைக்கு ஒரு பத்து நிமிடம் கூட நின்று, குழாய், சுவிட்சு, சுவரெல்லாம் போட்டோ எடுத்து இரண்டு பேர் வாட்ஸப்புக்கும் அனுப்புங்கள். காலி செய்கிற அன்றைக்கு போனை எடுங்கள். அதற்கு ஒரு மாத வாடகை அதிகமில்லை என்று நானே நாலு பேரிடம் சொல்வேன்.

இந்த இரண்டாவது ஃப்ளாட்டுக்கு நான் குடி வந்த அன்றே 86 போட்டோ எடுத்து, ஓனருக்கும் வீடு காட்டிய அண்ணனுக்கும் அனுப்பியிருக்கிறேன். இன்றுவரை இரண்டு நீல டிக் மட்டும்தான் பதில். வருகிற 30-ஆம் தேதி காலை பத்து மணிக்குச் சாவியை ஒப்படைக்கிறேன். ஓனர் ஷார்ஜாவிலிருந்து வீடியோ காலில் வருகிறார். அண்ணா, நீங்களும் வாருங்கள். சமையலறை மேடையில் இந்த முறை கறை இல்லை, பாத்ரூம் கதவின் அடிப்பகுதி மட்டும் ஊறியிருக்கிறது, அது 41-ஆவது போட்டோ. அடுப்பை மதியம்தான் வண்டியில் ஏற்றுகிறோம். வந்தால் டீ இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் போனில் 'சிங்கப்பூர் அக்கா ஃப்ளாட்'