யாருக்கும் வக்காலத்து மறுக்காதீர்கள்

கொங்குப் பகுதி வழக்கறிஞர் சங்க நிர்வாகிகளுக்கு, வணக்கமுங்க.

ஊரே கொதிக்கும் குற்றம் ஒன்று நடந்தால், "இவனுக்கு எங்கள் சங்கத்தில் யாரும் ஆஜராக மாட்டோம்" என்று தீர்மானம் போடுவது நாட்டில் பல இடங்களில் நடக்கிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஊர் கொதிக்கும் நேரத்தில்தானே வக்கீல் வேண்டும்?

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்டு' (1960) நாவலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 1930களின் அமெரிக்கா, தெற்கே அலபாமா மாநிலம். வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மேல் வழக்கு. அவனுக்காக நீதிபதி நியமித்த வக்கீல் அட்டிகஸ் ஃபிஞ்ச், பேருக்கு வந்து நின்றிருந்தால் ஊர் சும்மா விட்டிருக்கும். அவர் நிஜமாகவே வாதாடினார். அதைத்தான் ஊரால் பொறுக்க முடியவில்லை.

விசாரணைக்கு முந்தைய இரவு சிறை வாசலில் நாற்காலி போட்டு, விளக்கை மாட்டி, பேப்பர் படித்தபடி தனியாகக் காவல் இருக்கிறார். கோர்ட்டில், பெண்ணின் முகத்தில் வலப்பக்கம்தான் காயம் என்று சாட்சிகள் வாயாலேயே வரவைக்கிறார்; எதிரே நின்று அடித்தவன் இடக்கைக்காரனாக இருக்க வேண்டும் என்பதே அவர் வாதம். அவள் அப்பனை ஓர் உறையின் பின்பக்கம் பெயர் எழுதச் சொல்கிறார், இடக்கையால் எழுதுகிறான். டாமின் இடக்கையோ சிறுவயதில் பருத்தி அரைக்கும் இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. ஜின்னிங் மில்களுக்கு நடுவே வளர்ந்த நமக்கு அந்தக் கை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்படியும் ஜூரி குற்றவாளி என்றது.

சரி, டாம் நிரபராதி என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. உங்களிடம் வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று முதல் நாளே தெரியாது. அட்டிகஸைவிட உங்களுக்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்பேன்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். கோவையில் வக்கீல்களோடு மோதிய வழக்கில் சிக்கிய போலீஸாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று போட்ட தீர்மானம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது, அரசியல் சாசனத்துக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதம் என்று 2010 டிசம்பரில் முகமது ரஃபி வழக்கில் தீர்ப்பு வந்தது. நம் மண்ணிலிருந்து போன வழக்கு அது.

அடுத்த பொதுக்குழுவில் அந்தத் தீர்ப்பை வாசியுங்கள். அப்புறம், ஊர் வெறுக்கும் ஒருவனுக்காக ஏதாவது ஜூனியர் வக்காலத்து போட்டால், முதல் வாய்தாவுக்குச் சங்கத் தலைவரே அவரோடு கோர்ட்டுக்குள் நடந்து வாருங்கள்.