தட்டு நிறைய லட்டு

ஆசிரியருக்கு வணக்கம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் பழையதாகிவிட்டன என்று சிலர் சொல்லும்போது மனசு கேட்பதில்லை. 1922-இல் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதினார். சரி, அவருடைய லட்டுப் பாட்டை ஒரு நான்கு வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். தட்டு, லட்டு, எட்டு என்று அந்த 'ட்டு' வந்து விழும்போதெல்லாம் குழந்தை கைதட்டும். எட்டில் பாதி எத்தனை என்ற கணக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது, பாடம் என்று தெரியாமலே! அகராதி தேவைப்படாத சொற்கள், வாயில் தானாக உருளும் எதுகை. என் பேத்தி முதலில் மனப்பாடமாகச் சொன்னது இந்தப் பாட்டைத்தான். பெற்றோர்களே, தயவுசெய்து கைப்பேசியில் ஓடவிடாமல் நீங்களே வாய்விட்டுப் பாடுங்கள்.

— ஒரு வாசகர்